அம்மாவின் மிஷின் பலகைக்கு எந்தத் தாள்?

மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுவது என்றால் எந்த பாலிஷ், எத்தனை கோட் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எதைக் கொண்டு தேய்க்கப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. "உப்புத்தாள் ரெண்டு கொடுங்க" என்பதோடு கடைப் பேச்சு முடிந்துவிடுகிறது. பழைய சாமானாக இருந்தால், அது பிழைப்பதும் போவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சூளகிரியில் எங்கள் தெருவில் அம்மாவுக்கு டெய்லரம்மா என்றுதான் பெயர். பள்ளிச் சீருடை, ரவிக்கை, தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை என்று முப்பது வருடம் ஒரே மிதி மிஷினில் தைத்தார். என் படிப்பும் தம்பி படிப்பும் அதில் வந்ததுதான். கண் பார்வை குறைந்து தைப்பதை நிறுத்திய பிறகு, ஓசூரில் கட்டிய புது வீட்டு ஹாலில் அந்த மிஷினை வைக்க தம்பி ஆசைப்பட்டான். பலகையைப் புதுசாக்கித் தரச் சொல்லி ஒரு பாலிஷ்காரரை அழைத்து வந்தான்.

பலகையின் இடப்பக்கம் ஓரிடத்தில் பாலிஷ் சுத்தமாகப் போயிருந்தது. துணியைத் தள்ளிக்கொடுக்கும்போது அம்மாவின் முன்கை உரசிய இடம். வெளுத்து, வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருக்கும். "அந்த இடமும் போயிடுமாப்பா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. பாலிஷ்காரர் அங்கே விரலை வைத்துப் பார்த்தார். எடுத்து வந்த சாண்டர் மிஷினைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி பலகைகள் முழுத் தேக்கு இல்லை. மேலே ஒட்டியிருப்பது வினீர் என்கிற மெல்லிய மரத்தோல், பல சாமான்களில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 80-ம் நம்பர் தாளை மாட்டி மிஷினை ஓட்டினால், கைத்தடம் மட்டுமல்ல, தேக்கு ரேகையே போய் அடிப்பலகை தெரிந்துவிடும். மூலையும் விளிம்பும்தான் முதலில் போகும்.

நம்பர் விஷயம் மாவு சலிக்கும் சல்லடை மாதிரிதான். கண் நெருங்க நெருங்க மாவு நைசாவதுபோல, நம்பர் கூடக் கூட துகள் பொடிசாகும். வெறும் மரத்துக்கு 120, 180, 220 என்று படிப்படியாகப் போகலாம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 320. நம்பருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஐரோப்பிய அளவு. பி400 என்பது அமெரிக்க அளவில் ஏறக்குறைய 320-தான்.

எங்கள் பலகைக்குத் தாளே வேண்டாம், பேட் போதும் என்றார் பாலிஷ்காரர். நைலான் இழைகளைச் சிக்கலாகப் பின்னி, அதில் துகளை ஒட்டிய மெத்தை அது. தாள் மேட்டைச் சீவிச் சமப்படுத்தும். பேட் மேடு பள்ளத்தோடு வளைந்து போகும், மேல் பளபளப்பை மட்டும் மங்க வைக்கும். அந்த மெல்லிய கீறலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கோட் நிற்கும். பொதுவாக மெரூன் சற்று முரடு, சாம்பல் நைஸ், வெள்ளை அதைவிட நைஸ். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம் என்பதால் அட்டையைப் படித்து வாங்குவதே நல்லது. ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால் வண்டிக்கு பெயின்ட் விற்கும் கடையில் கேளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பளபளப்பான பரப்பில் அது கீறிவிடும். இரும்புக் கம்பளி நைஸாகத் தேய்க்கும்தான். ஆனால் உதிரும் இழை மரத்துளையில் தங்கிவிட்டால், தண்ணீர் கலந்த பாலிஷின் கீழே துருப்பிடித்துப் புள்ளி விழும்.

பேட்தான் புதுசு, யோசனை பழசு. உப்புத்தாள் வராத காலத்தில் சொரசொரப்பான பராய் இலையைக் கொண்டு மரத்தை இழைத்திருக்கிறார்கள். திருச்சிப் பக்கம் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்தது அந்த மரம்தான். எங்கள் பக்கமும் லேசில்லை. உப்புத்தாளும் சாணைக்கல்லும் செய்ய 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலுக்கு ஓசூரிலும் ஆலை உண்டு.

பலகையின் அடியில், கண்ணில் படாத இடத்தில், ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்த்தார் பாலிஷ்காரர். பிசுபிசுத்தது. அப்படியானால் பழைய அரக்குப் பாலிஷ். புது அரக்கு அதன்மேல் நன்றாகவே ஒட்டும். சாம்பல் பேடால் மர ரேகையோடு, கையின் கனம் மட்டும் விழும்படி தேய்த்து, துடைத்து, இரண்டு கோட் ஏற்றினார். மாஸ்க் போடச் சொன்னதற்கு முதலில் சிரித்தார். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது என்றதும், தம்பி நீட்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அம்மாவின் கைத்தடத்தில் பாலிஷ் ஏற்றவில்லை. அங்கே வெள்ளை பேடில் கொஞ்சம் மெழுகைத் தொட்டுத் தேய்த்ததோடு சரி. மிச்சமிருந்த சாம்பல் பேடை அம்மா கழுவிக் காயவைத்து எடுத்து வைத்துக்கொண்டார். பூஜை அறைக் கதவுக்கு ஆகுமாம்.