ஓர் அணாவும் நூறு தறிகளும்: பிட்டி தியாகராயர்

1891 ஜனவரியில் திருவனந்தபுரத்தில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்று மன்னர் ஸ்ரீமூலம் திருநாளுக்கு அளிக்கப்பட்டது. திவான் பதவி தொடங்கித் திருவிதாங்கூரின் உயர் பணிகள் வெளியூர்ப் பிராமணர் கைகளில் குவிந்திருந்தன என்பதே அதன் முறையீடு. ‘மலையாளி மெமோரியல்’ என அறியப்படும் அம்மனுவை முன்னின்று நடத்தியவர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை என்னும் இதழாளர். கையொப்பமிட்டோரில் மருத்துவர் பல்பு ஒருவர். படித்தவர்கள் எழுதிய, படித்தவர்களுக்கான மனு அது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1916 டிசம்பரில், அதே வகைக் கணக்கு சென்னையில் ‘பிராமணரல்லாதார் அறிக்கை’யாக வெளிவந்தது. இம்முறை அதை வெளியிட்டவர் ஒரு தொழிலதிபர். இவ்வேறுபாடு ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. நீதிக்கட்சியின் நிறுவனர் என்ற ஒற்றை வரியில் தியாகராயர் அடைபட்டுவிடுகிறார்.

1852இல் கொருக்குப்பேட்டையில், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1876இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அரசுப் பணியை நாடவில்லை. ஏறத்தாழ நூறு கைத்தறிகள் கொண்ட நெசவுச்சாலையை நிறுவினார். பெரம்பூரில் ஆங்கிலேயரின் நீராவி ஆலைகள் புகைந்துகொண்டிருந்த காலம் அது. 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவாக்கப்பட்டதிலும் அவர் பங்கு முதன்மையானது. பதவிகளின் எண்ணிக்கையைப் பேசிய அறிக்கையை, எந்தப் பதவியாலும் வாழ நேராத ஒருவர் வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்க முரண்.

அவருடைய அரசியல் பயிற்சிக்களம் மாநகராட்சி மன்றம். 1882இல் உறுப்பினரானவர் நாற்பதாண்டுகள் அங்கிருந்தார். அம்மன்றத்தில் அவருடன் மோதியவர் மலபாரைச் சேர்ந்த டி. எம். நாயர், இருவரையும் இணைத்துக் கட்சி காண வைத்தவர் சி. நடேச முதலியார். 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஏழ்மையே வருகையைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் தேர்தலில் கட்சி வென்றது. ஆளுநர் வெல்லிங்டன் அமைச்சரவை அமைக்க அழைத்தபோது தியாகராயர் மறுத்தார், ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். இம்மறுப்பைத் துறவு என்று மட்டும் போற்றுவது வரலாறாகாது. தலைமைப் பொறுப்பு கட்சியில் அவரிடமே நீடித்தது. ஆகவே கட்சியின் பிழைகளிலும் அவருக்குப் பங்குண்டு.

1921இல் பெரம்பூர் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதி திராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் அதில் சேரவில்லை; புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. ஆதி திராவிடருக்கு அரசு சலுகை காட்டுவதே காரணம் என்று கட்சியின் ஏடு எழுதியது. 1923இல் எம். சி. ராஜா கட்சியைவிட்டு வெளியேறினார். பதவிக் கணக்கில் கூர்மையாக இருந்த இயக்கம், ஆலை வாசலில் நின்றவர்களை எண்ணத் தவறியது. தொழில் நடத்திய தலைவரைக் கொண்ட கட்சிக்கு இது நேர்ந்தது என்பதை எளிதில் கடந்துவிட இயலாது.

தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிட அரசு அனுமதி மறுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் அத்திட்டம் நின்றது. அம்மாத இறுதியில் தியாகராயர் காலமானார்.