ஃப்ரீமான்ட்டில் ஒரு ரேடியேட்டர் படலம்

கலிஃபோர்னியா போய் வந்தவர்கள் கோல்டன் கேட் பாலத்தின் முன்னால் பல்லைக் காட்டி நிற்கும் போட்டோவை எல்லோருக்கும் காட்டுவார்கள். என்னிடமும் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் நான் ஒரு பழைய ரேடியேட்டரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கிறேன். பின்னால் தெரிவது மிஷன் பீக் மலை.

என் மைத்துனன் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறான். சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம். காலையில் வாக்கிங் போனால் தெலுங்கும் பஞ்சாபியும் நடுநடுவே நம்ம தமிழும் காதில் விழும். இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கும். டிக்கெட் எடுத்தபோது ஜாலியாகத்தான் எடுத்தேன். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அவனுக்கு வேலை போய்விட்டது. எச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை பார்க்கணும், இல்லாவிட்டால் மூட்டை கட்டணும்.

"பக்குவமா பேசி ஊருக்கு வரச் சொல்லுங்க. அந்த ஓட்டைக் காரையும் முதல்ல விக்கச் சொல்லுங்க" என்று என் மனைவி (அவனுக்கு அக்கா) உத்தரவு போட்டு அனுப்பினாள். ஆக, டூரிஸ்ட்டாகக் கிளம்பியவன் தூதனாகப் போய் இறங்கினேன்.

ஓட்டைக் கார் என்று அவள் சொன்னது 1992 மாடல் மாஸ்டா மியாட்டா. சிவப்பு. இரண்டே சீட். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பட்டனைத் தட்டினால் ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, ஹிரோஷிமாவில் தயாராகி, 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்ட வண்டி. எல்லாம் அவன் சொன்னதுதான். வேலை போனதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான் போன மறுநாளே அது வழியில் நின்றுவிட்டது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. கூடவே பாகு காய்ச்சுவது மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. நான் பழக்கதோஷத்தில் மூடியைத் திறக்கப் போனேன். "மாமா, கையை எடுங்க! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினான். ரேடியேட்டருக்குள் பிரஷர் குக்கர் நிலவரமாம்.

இந்த மாடல் ரேடியேட்டரில் நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. புதுசில் நல்ல கறுப்பு. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து பழுப்பாகி, கடைசியில் முட்டை ஓடு மாதிரி ஆகிவிடும். எங்களுடையது மேல் தொட்டியில் தலைமுடி அகலத்துக்குக் கீறல். நம்ம ஊர் அம்பாசடர் காலத்துச் செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயத்தை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கில் அந்தப் பாச்சா பலிக்காது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டலாமே என்றேன். இன்ஜினின் அடிக்கட்டு இரும்பு, தலை அலுமினியம்; அளவுக்கு மேல் சூடானால் தலை கோணிக்கொள்ளும், அப்புறம் காரை எடைக்குத்தான் போடணும் என்றான்.

ஒர்க்‌ஷாப்பில் சொன்ன கூலியைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். மயங்கி விழுந்தது. சாமானைப் போல மூன்று மடங்கு! அங்கே மென்பொருள்காரன் காருக்கு அடியில் படுப்பதன் ரகசியம் இதுதான். உதிரிபாகக் கடையிலேயே டெபாசிட் கட்டினால் கருவியும் இரவல் தருகிறார்கள்.

சனிக்கிழமை காலை, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வீட்டு வாசலில் பூஜை போட்டோம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைத் திறந்ததும் பச்சையாகக் கொட்டியது. ஒரு சொட்டுக்கூடத் தரையில் நிற்கக் கூடாது. தித்திப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கிப் பார்க்கும், நக்கினால் சாவுதான். சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. டப்பாவில் அடைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கணும். டார்ச் பிடிப்பது, துடைப்பது, பூனை விரட்டுவது ஆகிய மூன்று இலாகாக்களும் எனக்கு.

ஃபேன் ஒயர்கள் வந்தன, மேல் ஹோஸ் வந்தது. கீழ் ஹோஸ் வரவில்லை. நாற்பது நிமிஷம் இழுத்தோம், திருகினோம், தமிழில் திட்டினோம். அவன் முட்டியெல்லாம் ரத்தம். எதிர்வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். எழுபது வயசிருக்கும்.

"புது ஹோஸ் வாங்கிட்டீங்களா?"

"வாங்கியாச்சு."

"அப்போ பழசோட எதுக்கு மல்யுத்தம்?" பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து நீளவாக்கில் ஒரு கீறல். வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது.

அவர் இந்த ஊர் கார் ஃபாக்டரியில் இருந்தவர். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக 1984-லிருந்து நடத்தியது. 2010 ஏப்ரல் 1-ம் தேதி மூடியபோது சுமார் 4,700 பேருக்கு வேலை போனது. கடைசியாக வெளியே வந்தது ஒரு சிவப்பு கொரோல்லா. அதே வருஷம் டெஸ்லா வாங்கி, இப்போது அங்கே கார் செய்கிறார்கள். "அன்னிக்கு ஏப்ரல் ஃபூல் ஜோக்குன்னு நினைச்சுக்கலாமான்னு பார்த்தேன்" என்றார். மைத்துனன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டான். நான் வந்து ஒரு வாரத்தில் அவன் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. "ஒரு மாசம் கராஜைச் சுத்தம் பண்ணேன். அப்புறம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன்" என்றார். காபி தீர்ந்ததும் போய்விட்டார்.

பழைய ஃபேன்களைக் கழற்றிப் புதுசில் மாட்டி, ரப்பர் பாதங்களில் உட்கார வைத்து, கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிப்பாதியாக ஆறு லிட்டர். ஊற்றிவிட்டால் ஆச்சா? உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுசாக வைத்து, மூடி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கணும். இருபது நிமிஷம் இரண்டு பேரும் பாயசத்தைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தோம். தூதன் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பேசவில்லை.

சாயங்காலம் வெள்ளோட்டம். ஊரின் வடக்கே நைல்ஸ் என்றொரு பேட்டை. 1915-ல் சார்லி சாப்ளின் 'தி ட்ராம்ப்' படம் எடுத்தது இங்கேதான். அங்கிருந்து சுனோல் வரை மலைப்பிளவுக்குள் வளைந்து வளைந்து போகிற சாலை, பக்கத்திலேயே ஓடை, பழைய ரயில் தண்டவாளம். கூரையைத் திறந்துவிட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று ஹீட்டரை அணைக்கவில்லை. மேலே குளிர்காற்று, கீழே காலில் அனல். மியாட்டாவின் டெம்பரேச்சர் முள் சுலபத்தில் அசையாதாம். அசைந்தால் காரியம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம். ஓடையைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சுனோலில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினோம். ஒரு சொட்டு இல்லை. அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். ஈரம் இல்லை.

"இப்போ நல்ல விலைக்குப் போகும், மாமா. நாளைக்கே விளம்பரம் கொடுத்துடலாம்."

"உங்க அக்கா சந்தோஷப்படுவா."

"இன்னும் நாள் இருக்கு." பானெட்டை மூடினான். மூன்று கம்பெனிகளில் கேட்டு வைத்திருப்பதாகவும், ஒன்றில் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ என்றும் அப்போதுதான் சொன்னான்.

திரும்பும்போது நைல்ஸ் வந்துவிட்டது. முழங்கால் வெந்து போயிருந்தது. ஹீட்டரை அணைத்துவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும் மாமா. இன்னொரு தடவை சுனோல் போயிட்டு வந்துடலாம்" என்று வண்டியைத் திருப்பினான்.