அழாதவரின் துயரம்

துயரத்தின் அளவை அழுகுரலின் அளவைக் கொண்டு மதிப்பிடுவது உலக வழக்கம். நாம் காணும் திரைப்படங்கள் பலவும் அவ்வழியே செல்கின்றன. ஆயின், வங்காளத்து இயக்குநர் சத்யஜித் ரே 1959ஆம் ஆண்டில் ஆக்கியளித்த ‘அபுர் சன்சார்’ என்னும் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, மௌனத்தின் ஆழம் எத்தகையது என்பதை நாம் உணர்ந்தோம்.

வறிய இளைஞன் அபு, நண்பனோடு ஒரு திருமணத்திற்குச் செல்கிறான். மணமகன் சித்தம் கலங்கியவன் என்பது தெரியவர, மணப்பெண் அபர்ணாவின் கரம் பற்றும் பொறுப்பு எதிர்பாராத வகையில் அபுவின் மீது விழுகிறது. கல்கத்தாவில், புகைவண்டிப் பாதையோரத்து மாடி அறையொன்றில் அவர்தம் இல்லறம் தொடங்குகின்றது. அங்கே நீண்ட காதல் வசனங்கள் இல்லை. கிழிந்த சாளரத் திரை இருந்த இடத்தில் ஒரு புதுத் திரை. தலையணையருகே அவன் கண்டெடுக்கும் கொண்டையூசி. உணவுக்குப் பின் ஒன்று மட்டுமே என நினைவூட்டி, சிகரெட் பெட்டிக்குள் அவள் வைத்த சிறு குறிப்பு. இவையே அவர்களது அன்பின் மொழி.

பிரசவத்தில் அபர்ணா இறந்த செய்தியை அவள் சகோதரன் கொண்டுவருகிறான். அபு அவனை ஓங்கி அறைகிறான். பின்னர் சொல்லிழந்து படுக்கையிற் கிடக்கிறான். கடிகாரத்தின் ஒலி மட்டும் கேட்கின்றது, அதுவும் நின்றுவிடுகின்றது. அன்பு சின்னஞ்சிறு பொருள்களிற் குடியிருந்தமையால், அவை வாய்மூடியதும் அறை முழுவதும் துயரமாகிவிடுகின்றது.

மனைவியின் மரணத்திற்குக் காரணமானவன் என எண்ணி, தன் மகன் காஜலை ஐந்தாண்டுகள் காணாதிருந்த அபு, இறுதியில் அவனைத் தேடி வருகிறான். சிறுவன் அவனைத் தந்தையென ஏற்க மறுக்கிறான். நண்பன் என்று கூறியே மகனைத் தோளில் ஏற்றிக்கொள்கிறான் அபு.

இத்தகைய மௌனத்தை நாம் எம் இல்லத்திலும் கண்டதுண்டு. எம் அன்னையார் மறைந்தபோது எம் தந்தையார் ஒரு துளிக் கண்ணீரும் சிந்தவில்லை. “கல்நெஞ்சர்” என்றனர் சிலர். ஆயினும், அன்னையாரின் வெற்றிலைத் தட்டத்தை நாள்தோறும் துடைத்து, அது இருந்த இடத்திலேயே வைத்தவர் அவரே. தம் இறுதிக்காலம் வரை அப்பணியை வேறெவருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

துக்க வீட்டில் அழாதிருப்பவரைக் கண்டால், அவர்தம் நெஞ்சம் கல்லென்று தீர்ப்புக் கூற விரையாதிருப்போமாக. யாரும் அறியாத ஒரு சிறு பொருளை அவர் காத்துக்கொண்டிருத்தல் கூடும்.