கேளாமல் வந்த கோப்பை

யப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவில் ஹகோடாதே என்றொரு துறைமுகப் பட்டினம். கணவாய்க்குப் பேர்போன ஊர். மாலையானதும் 'இசகாயா' எனப்படும் சிறு மதுக்கடைகளில் மீன் வகைகளும் பரிமாறுவார்கள். பச்சைக் கணவாயை நூல்போல அரிந்து, இஞ்சியும் சோயாவும் சேர்த்து உண்பது அங்கு விசேடம்.

விடுமுறையில் மனைவியுடன் போயிருந்தேன். அமர்ந்ததுமே, கேளாமல் ஆளுக்கொரு சிறு கோப்பையில் அவித்த கணவாய் வந்தது. பில்லில் அதற்கும் காசு.

"இஞ்சாருங்கோ, எங்கட நிறத்தைப் பாத்து ஏமாத்துகினமோ?" என்றாள்.

தொழிற்சாலையில் பட்ட அனுபவம் அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் பக்கத்து மேசை யப்பானியர் முன்னும் அதே கோப்பை. அதன் பெயர் 'ஒதோஷி'. இருக்கைக் கட்டணம் போல எல்லோருக்கும் பொது. மேலதிகமாகச் சந்தோசப் பணம் வைக்கும் வழக்கமோ அங்கில்லை.

புதிதாய் வந்த உறவுகளே, கணக்கு விளங்காவிட்டால் முதலில் பக்கத்து மேசையைப் பாருங்கள். அங்கே வேறு கணக்கென்றால் மட்டும் தயங்காமல் கேளுங்கள்.