அப்பாவின் சிட்டிக்குப் புது மூச்சுக்குழாய்

கோயமுத்தூரில் கார் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஃபார்முலா மாருதி ரேஸ் காரை வடிவமைத்த கரிவரதன் வாழ்ந்த ஊர். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் முப்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர் தன் காருக்கு ‘கோல்டு ஏர் இன்டேக்’ மாட்ட ஆசைப்பட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால், அவர் வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது.

காரணம், அது அவருடைய கார் இல்லை. அப்பாவின் கார். 2001-ம் வருஷத்து ஹோண்டா சிட்டி, 1.5 விடெக். 106 குதிரைச் சக்தி. இன்றைக்கு இந்த எண் பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு நம் ஊர் ரோட்டில் அந்த விலைக்கு அதைத் துரத்திப் பிடிக்கும் கார் அதிகம் இல்லை. வெளியே பார்த்தால் சாதுவான குடும்ப கார், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேறு ஆள். பழைய கார் பிரியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை ராத்திரி எட்டரைக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். இப்போது மகன் அதே காரில் வேலை முடிந்து வருகிறார். அம்மா இன்னமும் சத்தம் கேட்டுத்தான் எழுகிறார்.

“அந்தக் குழாயை மாத்துனா சத்தம் மாறுமா கண்ணு?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. மாறும் என்பது மகனுக்குத் தெரியும். “கொஞ்சம் மாறும்மா” என்றார்.

மகனுக்கு வேலை பம்ப்செட் கம்பெனியில். சக்‌ஷன் குழாயில் ஒரு வளைவு கூடினாலே தண்ணீர் குறையும் என்று தினமும் கணக்குப் போடுகிறவர். காற்றுக்கும் அதே கதைதான். ஒன்றரை லிட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், ஏறக்குறைய 4,500 லிட்டர் காற்றை உறிஞ்சும். மொட்டை மாடி ஆயிரம் லிட்டர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாலரை டேங்க் காற்று, ஒரே நிமிஷத்தில்! அது குளிர்ந்த காற்றாக இருந்தால் அதே இடத்தில் அதிகம் அடங்கும். மூன்று டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒரு சதவிகிதக் காற்று குறையும். காற்று குறைந்தால் அதோடு எரிகிற பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும்.

இங்கேதான் கடைக்காரர்கள் விளையாடுகிறார்கள். பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், நுனியில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டர். போனட்டைத் திறந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், பல கார்களில் அந்தக் கூம்பு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் காய்ச்சிக் கொடுக்கிற காற்றைத்தான் குடிக்கும். பெயர் மட்டும் கோல்டு ஏர். கம்பெனிக்காரன் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியோ அழகே இல்லாமல், ஃபெண்டர் பக்கமிருந்து வெளிக்காற்றை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கும். பல பேர் காசு கொடுத்துக் குளிர்ந்த காற்றைக் கழற்றி, சூடான காற்றை மாட்டிக்கொள்கிறார்கள்.

மகன் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினார். நண்பரிடம் கூம்பு ஃபில்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, அவிநாசி ரோடு டிராஃபிக்கில் ஓட்டினார். வெளியே 33 டிகிரி. சிக்னலில் நின்றபோது கூம்புக்குப் பக்கத்தில் 58. பழைய பெட்டியை மாட்டி அதே ரோட்டில், அதே நேரத்தில் போனால், குழாய் வாயில் 36. அதாவது அந்த அழகான கூம்பு, சிக்னலில் ஏழு சதவிகிதக் காற்றைத் தின்றுவிட்டது. வண்டி வேகமெடுத்தால் சூடு இறங்கும்தான். ஆனால், அவிநாசி ரோட்டில் எத்தனை நேரம் வேகமெடுக்க முடியும்?

அடுத்த யோசனை, நீளக் குழாய். ஃபில்டரை பம்பருக்குள், தரையோடு தரையாக இறக்கிவிடுவது. உண்மையான குளிர்ந்த காற்று அங்கேதான் கிடைக்கும். இதைச் சொன்னதும் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருஷமாக அப்பாவின் வண்டியைப் பார்த்தவர்.

“தம்பி, மழை வந்தா லங்கா கார்னர்ல தண்ணி எவ்ளோ நிக்கும்னு தெரியுமுங்களா? ஃபில்டர் அங்க கீழ இருந்தா இன்ஜின் தண்ணியக் குடிச்சுரும்ங்க.”

அவர் சொன்னது சத்தியம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் மேலே வருகிற பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு இன்ஜின் முடிந்தது. தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்கு, தனியாக ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ எடுக்காவிட்டால் இன்ஷூரன்ஸும் பொதுவாகக் கை கொடுக்காது. இத்தனை பழைய வண்டிக்கு அது கிடைப்பதே கஷ்டம். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போகிற வண்டி வேறு. மழை என்ன கிழமை பார்த்தா வருகிறது?

கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. ஃபில்டர் ஹெட்லைட் உயரத்திலேயே இருக்கட்டும். ஆனால் திறந்து கிடக்கக் கூடாது. தகரப் பட்டறையில் சொல்லி அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி, போனட்டை மூடினால் மேலே ரப்பர் பட்டை போய் ஒட்டிக்கொள்ளும்படி. முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டிக்கு ஒரு குழாய். அட்டையை வெட்டி அளவு பார்ப்பதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கடையில் வாங்கியது, எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரும் சிலிகான் குழாயும் மட்டும்தான்.

மாட்டுகிற வேலை அரை நாள்கூட இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பழைய பெட்டியையும் குழாயையும் எடுத்தார்கள். இன்ஜின் மூடியிலிருந்து வருகிற ‘பிரீதர்’ குழாயைப் புதுக் குழாயில் மறக்காமல் சேர்த்தார்கள். அதைத் திறந்தே விட்டால் வடிகட்டாத தூசி உள்ளே போகும். கிளாம்ப்பை ஒரேயடியாக இறுக்காமல், இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆடுகிற ஆட்டத்தில் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்த பிறகுதான் இறுக்கினார் மெக்கானிக். சிக்னலில் இப்போது 39 டிகிரி. பழைய பெட்டியைவிட மூன்று டிகிரி கூடத்தான். ஆனால், குழாய் அகலம், வளைவும் குறைவு. சக்தி கூடியதா என்றால், இந்த மாதிரி சின்ன இன்ஜினில் நாலைந்து குதிரை கிடைத்தாலே அதிர்ஷ்டம். கூடியதாகத் தோன்றுவதில் பாதி, காதுக்குக் கிடைக்கிற சந்தோஷம்.

அந்தச் சத்தத்தில்தான் சிக்கல். பழைய குழாயோடு ‘ரெசனேட்டர்’ என்று ஒரு காலி டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. கார் பிரியர்கள் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். உறிஞ்சும் காற்றின் உறுமலை எதிரொலியாலேயே அடக்குகிற டப்பா அது. அதைக் கழற்றிவிட்டு மகன் மறுநாள் ராத்திரி வீட்டுக்கு வந்தார். கேட்டில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் அம்மா வந்தார்.

“பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கனு நெனச்சேன் சாமி” என்றார். கோபமெல்லாம் இல்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மகன் மறுபடி ஷெட்டுக்குப் போனார். புதுக் குழாயில் ஒரு கிளை வைத்து, அந்தக் காலி டப்பாவைத் திரும்ப மாட்டச் சொன்னார். மெக்கானிக் ஏன் என்று கேட்கவில்லை. டப்பாவைத் தட்டித் துடைத்து, “இது கம்பெனிக்காரன் சும்மா வெக்கலீங்க தம்பி” என்றார். அதனால் சக்தியில் வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மெதுவாகத் தெருவுக்குள் வரும்போது ஏறக்குறைய பழைய சத்தம். பைபாஸில் மிதித்தால் மட்டும் உறுமல். முழுக்க அதே சத்தம் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற அளவுக்குப் போதுமானதாக இருந்தது.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும், ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், பின்னால் க்ளெய்ம் கேட்கும்போது அதுவே காரணமாகிவிடலாம். மகன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆர்.டி.ஓ-வுக்குப் போகும்போது திரும்ப மாட்டுவதற்காகப் பழைய பிளாஸ்டிக் பெட்டி, திருகாணி முதற்கொண்டு பரணில் இருக்கிறது. அம்மாதான் அதை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்தார்.

பருத்தி ஃபில்டரை அவ்வப்போது கழுவ வேண்டும். அதற்கென்று விற்கிற கிளீனரில் ஊறவைத்து, உள்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, நிழலில் காயவைத்து, எண்ணெயை அளவாகப் பூச வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிக்கக் கூடாது, பருத்தி கிழிந்துவிடும். போன மாதம் முதல் முறை கழுவினார்கள். கொடியில் துணியோடு துணியாகத் தொங்கிய சிவப்பு ஃபில்டரைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எவ்ளோ குடுத்தே?” என்று அம்மா கேட்டார். மகன் பாதி விலையைத்தான் சொன்னார்.