கரையேறும் உரிமை

துறை என்னும் சொல் தமிழிற் பல பொருள் குறித்து நிற்பது. நீராடும் இடமும் துறை. கலம் வந்தடையும் இடமும் துறை. கல்விப் பிரிவும் துறை. அகத்திணை புறத்திணைகளின் உட்பிரிவும் துறையே. இவையனைத்துக்கும் பொதுவாய் அமைந்தது ஒரு கருத்து எனலாம். ஆழமான ஒன்றனுள் இறங்குதற்கும் அதனின்று மீண்டு கரையேறுதற்கும் எங்கே வழி உண்டோ அங்கே துறை உண்டு. துறைமுகம் ஒன்றன் பெருமையை அங்கு கட்டப்பட்டு நிற்கும் கலங்களின் விலைகொண்டு அளப்பது இக்கால வழக்கமாகிவிட்டது. அங்கே கரையேறும் உரிமை யாருக்குண்டு என்ற வினாவைக் கொண்டும் அதனை அளந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

செல்வத்துக்கும் உல்லாசத்துக்கும் பேர்போன துறைமுகங்கள் மத்தியதரைக் கடலின் வடகரையிற் பல உள. மொனாக்கோவும் கானும் போர்த்தோபீனோவும் அத்தகையன. அவற்றுள் பிரான்சின் தென்கரையில் அமைந்த சென் துரோப்பே என்னும் சிற்றூரின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அவ்வூர் மீன்பிடித்தல், கப்பல் கட்டுதல், கரையோர வாணிகம் என்பவற்றால் வாழ்ந்தது. வல்வெட்டித்துறையின் பழைய நாட்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு அக்காலச் சென் துரோப்பேயை மனக்கண்ணிற் காண்பது அரிதன்று. 1892 ஆம் ஆண்டிலே போல் சின்யாக் என்ற ஓவியர் 'ஒலிம்பியா' என்ற தமது பாய்ப்படகைச் செலுத்திக்கொண்டு அத்துறைக்கு வந்து சேர்ந்தார். அங்கு நிலவிய ஒளி அவரைப் பிணித்தது. அங்கேயே வீடு வாங்கினார். 1904 இல் அவரை நாடி மத்தீஸ் வந்தார். ஓவியர்களின் பின்னே எழுத்தாளரும், எழுத்தாளரின் பின்னே செல்வரும் வந்தனர். 1956 இல் பிரிஜித் பார்தோ நடித்து வெளிவந்த திரைப்படமொன்று அவ்வூரின் பெயரை உலகமெங்கும் பரப்பிற்று. மீனவர் வலை உலர்த்திய கரையில் இன்று கோடீசுவரர்களின் உல்லாசப் படகுகள் வரிசையாக நிற்கின்றன.

இடையில் அவ்வூர் அழிந்து எழுந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1944 ஆவணியில் நேச நாட்டுப் படைகள் அக்கரையில் இறங்கியவேளை, பின்வாங்கிய யேர்மானியர் துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். போருக்குப் பின்னர் துறைமுக முகப்பு பழைய தோற்றத்தையே தழுவி மீளக் கட்டப்பட்டது. இன்று படம் பிடிக்கப்படும் அந்த 'பழமை'யிற் பெரும்பகுதி போருக்குப் பிந்தியது. அழிந்த துறை மீண்டும் எழுமா என்ற ஐயத்துடன் வளர்ந்த எம்மவர்க்கு இச்செய்தி ஒருவகையில் ஆறுதலளிப்பதாகும்.

இவ்வூரைப்பற்றி நான் அறிய நேர்ந்தது என் தாய்மாமனார் வாயிலாகவே. அவர் பாரிசில் உணவகமொன்றின் சமையலறையிற் பணிபுரிபவர். ஒரு கோடை விடுமுறையில் உடன் வேலைசெய்வோருடன் தெற்கே சென்றார். சென் துரோப்பேக்குப் புகையிரதம் இல்லை. ஆகவே எதிர்க்கரையிலுள்ள சென் மக்சீம் என்ற ஊரிலிருந்து பயணிகள் படகில் குடாவைக் கடந்து அத்துறையை அடைந்தார். கால்மணி நேரப் பயணந்தான். ஆயினும் கடல் வழியாகவே வந்திறங்கினார் என்பது உண்மை. உல்லாசப் படகுகளின் ஏறுபலகையருகே கூடைகளிற் செருப்புகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தனவாம். மரத்தளம் பழுதுபடாதிருக்கச் செல்வரும் வெறுங்காலுடன் ஏறும் வழக்கத்தைக் கண்டு, "எங்கடை வீட்டு வாசல் மாதிரியே இருந்தது, தம்பி" என்று தொலைபேசியிற் கூறிச் சிரித்தார். தளத்தை முழந்தாளிட்டுத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளர்களை நெடுநேரம் பார்த்து நின்றதாகவும் சொன்னார். கோப்பை கழுவியே அந்நாட்டில் வாழ்வைத் தொடங்கியவரின் கண்கள் வேறெங்கே செல்லும்?

துறைமுக முகப்பில் நிற்கும் வெண்கலச் சிலையொன்றைப் பற்றியும் அவர் என்னிடம் வினவினார். சிலைக்குரியவர் பையி த சுப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. இப்பெயர் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1782 ஆம் ஆண்டு யூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பாலும், செப்ரெம்பரில் திருகோணமலைக்கு அப்பாலும் ஆங்கிலேயக் கடற்படையுடன் பொருதவர் இவரே. அவ்வாண்டு ஆவணி இறுதியிலே திருகோணமலையைக் கைப்பற்றியவரும் இவரே. எங்கள் கடலிற் போர்செய்து, எங்கள் கோட்டையைப் பிடித்து, மீண்டு சென்றவருக்கு மத்தியதரைக் கடலின் உல்லாசத் துறையொன்றிலே சிலை நிற்கின்றது. அங்கிருந்து இங்கு வந்தவரை அவ்வூர் நினைவிற் கொண்டுள்ளது. இங்கிருந்து அக்கடலுக்குச் சென்ற எம்மவரை நாம் எவ்வாறு நினைவிற் கொண்டுள்ளோம்? மாமாவின் வினாவுக்கு விடைதேடப் புகுந்த என்னை இந்த எதிர்வினா பற்றிக்கொண்டது.

எம்மவர் சென்றதற்குச் சான்று உண்டு. 1930 ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் வேம்பு முதலான மரங்களாற் கட்டப்பட்ட பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. ஏறத்தாழ 89 அடி நீளமுடையது. தனியொரு சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் இக்கப்பலைக் கண்டு வியந்து விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். 1937 இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட அக்கப்பலைத் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடன் சென்ற வடமராட்சி மாலுமிகளும் செலுத்தினர். சுயஸ் கால்வாயைக் கடந்து, மத்தியதரைக் கடலின் நெடுமை முழுவதையும் ஓடி, ஜிப்றால்ரர் வாயிலூடாக அத்திலாந்திக்கிற் புகுந்து, பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆவணி முதலாம் நாள் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அவர்கள் அடைந்தனர். செல்வர் ஒருவரின் விருப்பத்துக்குரிய கலமாக அது மாறியது உண்மையே. ஆயினும் அதைக் கட்டிய கையும் செலுத்திய கையும் எம்முடையன. உல்லாசப் படகு என்றதும் அதன் மேற்றளத்திற் சாய்ந்திருப்பவரையே எண்ணுகின்றோம். பாயைக் கட்டுபவரையும் எண்ணினால் அக்கடலில் எமக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாகும்.

எனினும் அக்கடலில் எமக்குள்ள வரலாறு அன்னபூரணியோடு முடிந்துவிடவில்லை. 1996 ஆம் ஆண்டு நத்தார் இரவில், டிசெம்பர் 25 க்கும் 26 க்கும் இடைப்பட்ட பொழுதில், மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையே ஒரு விபத்து நிகழ்ந்தது. பெரிய கப்பலொன்றிலிருந்து சிறிய மரப்படகொன்றுக்கு மாற்றப்பட்ட அகதிகள், கொந்தளித்த கடலிலே படகு கப்பலுடன் மோதி மூழ்கியதால் உயிரிழந்தனர். இறந்தோர் தொகை குறைந்தது 283. அவர்கள் இந்தியாவையும் பாகிஸ்தானையும் இலங்கையையும் சேர்ந்தோர். இலங்கையர் தமிழ் இளைஞர்கள். உயிர் பிழைத்துக் கிரேக்கத்திற் கரையேறியோர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் தென்கோடியிலுள்ள போர்த்தோபாலோ என்னும் மீனவர் ஊரில் வலைகளிற் சடலங்கள் சிக்கின. விசாரணை வந்தாற் தொழில் நின்றுவிடுமென்று அஞ்சியோர் அவற்றை மீண்டும் கடலிலேயே விட்டனர். 2001 ஆம் ஆண்டில் மீனவர் ஒருவர் மௌனத்தைக் கலைத்தார். அவர் வலையிற் கிடைத்தது தமிழ் இளைஞன் ஒருவனது தேசிய அடையாள அட்டை. பதினேழு வயதுச் சிறுவனின் முகம் அதில் இருந்தது. அதனைத் தொடர்ந்து இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் நீர்மூழ்கிக் கருவியின் துணைகொண்டு கடலடியிற் கிடந்த படகைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார்.

மாமா நாட்டை விட்டுச் சென்றதும் அதே 1996 இற்றான். வேறொரு முகவர், வேறொரு வழி. மொஸ்கோ சென்று அங்கிருந்து பனியில் நடந்து எல்லைகளைக் கடந்தார். எந்த முகவரிடம் பணம் கட்டுவது என்று அம்மம்மாவும் அம்மாவும் இரண்டு நாள் யோசித்தார்களாம். அந்த இரண்டு நாட்களின் முடிவே அவரைச் சமையலறைக்கும், பின்னொரு கோடையிற் சென் துரோப்பேக்கும் கொண்டு சேர்த்தது. முடிவு மாறியிருந்தால் அவர் அக்கடலுக்கு வேறு விதமாகச் சென்றிருக்கக்கூடும். சென் துரோப்பேயின் நீரும் போர்த்தோபாலோவின் நீரும் ஒரே கடலின் நீர். ஓரிடத்தில் கலத்தின் பெயரையும் நீளத்தையும் கேட்டு வரவேற்கின்றனர். மற்றோரிடத்தில் இறந்தவரின் பெயரைக்கூட ஐந்தாண்டுகள் கேட்பாரில்லை.

ஐரோப்பாவைக் குறைகூறி இவ்விடத்தில் நின்றுவிடுவது எளிது. ஆனால் நான் பிறந்த மருதனார்மடத்துச் சந்தியைக் கடக்கும் வீதியும் துறைமுகம் ஒன்றற்கே செல்கின்றது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனச் சென்று ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றரில் அது காங்கேசன்துறையை அடைகின்றது. மாவிட்டபுரத்திற் கோயில்கொள்ளவிருந்த காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே அத்துறைக்கு அப்பெயர் வந்தது என்பது ஐதீகம். ஒரு தெய்வம் கரையேறியதாற் பெயர்பெற்ற துறை இது.

அத்துறையில் மனிதர் எவ்வாறு ஏறி இறங்கினர்? 2006 ஆவணியில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் சாதாரண மக்களுக்குத் திருகோணமலை செல்லும் கப்பலே பெரும்பாலும் வழியாயிற்று. 2007 இல் நான்கு வயதுக் குழந்தையாக அம்மாவுடன் அக்கப்பலில் ஏறினேன். கொழும்பிற் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த அப்பாவைக் காண்பதே நோக்கம். அனுமதிக்காகப் பல வாரங்கள் காத்திருந்ததையும், பிட்டும் சம்பலும் பொதிசெய்து சென்றதையும் அம்மா சொல்வதுண்டு. அன்றைய கடல் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். கடலைப் பார்த்ததாக நினைவில்லை என்றார். கையிலிருந்த அனுமதிப் பத்திரம் நனைந்துவிடக்கூடாதே என்பதே அவ்விரவு முழுவதும் அவருக்கிருந்த கவலை.

அதே கரையில் மயிலிட்டி உள்ளது. 1990 இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மீனவர், தமது துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்படும் வரை இருபத்தேழு ஆண்டுகள் தம் சொந்தத் துறையிற் கரையேற முடியாதிருந்தனர். பின்னர் காலம் சற்று மாறிற்று. 2023 யூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசப் பயணக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 14 இல் நாகப்பட்டினத்துடனான பயணிகள் கப்பற் சேவை தொடங்கி, இடையிற் தடைப்பட்டு, 2024 ஆவணியில் மீண்டும் தொடர்ந்தது. உல்லாசக் கப்பல் வந்த செய்தியை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒரு வினா மட்டுமே: "அதாலை இறங்கினவையிட்டை என்ன கடுதாசி கேட்டவை?"

இவ்வினாவைப் பிறரிடம் மாத்திரம் எழுப்புவதும் நியாயமன்று. தெய்வம் வந்திறங்கிய துறைக்குச் செல்லும் அதே வீதியிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், 1968 ஆம் ஆண்டு, சாதியின் பெயரால் விலக்கப்பட்டோர் உட்செல்லும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கடல் கடந்து வந்த தெய்வத்தை வரவேற்ற ஊர், அயலிலே வாழ்ந்த மனிதரை வாயிலில் மறித்தது. அகதியை அலைகளுக்கிடையே விட்ட உலகைப் பழிக்கும் நாம், வாயில்களை அடைப்பதில் எவருக்கும் பின்னிற்கவில்லை. இதனைச் சொல்லாது விடுத்தால் இக்கட்டுரை ஒருபக்கச் சார்புடையதாகிவிடும்.

காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்கும் பட்டினப்பாலை, பல மொழி பேசுவோர் கூடி இனிது வாழ்ந்த துறையாக அதனைக் காட்டுகின்றது. ஈழத்து உணவும் அங்கு வந்திறங்கிய பொருள்களுள் ஒன்று. 'புலம்பெயர்' என்ற சொல்லை அந்நூல் அவ்வாறு வந்து வாழ்ந்த மக்களுக்கே வழங்குகின்றது. இன்று அச்சொல் எம்மைக் குறிக்கின்றது; ஆனால் அதனோடு அன்று சேர்ந்திருந்த இனிமை கழன்றுவிட்டது. அவ்வினிமையைத் தந்தது பொன்னோ மணியோ மட்டுமன்று, வந்தவரை இருக்கவிட்ட மனமுமாகும்.

எங்கள் ஊர்ப்பெயரில் மடம் என்ற சொல் இருக்கின்றது. வழிநடந்து வருவோர் சுமையிறக்கித் தங்கிச் செல்லும் இடமே மடம். நிலவழியிற் செல்வார்க்கு மடம் எதுவோ, நீர்வழியிற் செல்வார்க்குத் துறைமுகம் அது. காங்கேசன்துறை நாளை பெருந்துறையாக விரிவடையலாம். உல்லாசப் படகுகளும் அங்கு வந்து நிற்கலாம். அவை வருவதை நான் வெறுக்கவில்லை. வாய்த்தால் அவற்றுள் ஒன்றில் ஏறிச் சின்யாக் கண்ட ஒளியைக் காணவும் எனக்கு விருப்பமுண்டு. ஆனால் அத்துறையின் சிறப்பை நிறுவப்போவது அப்படகுகள் அல்ல. மயிலிட்டி மீனவனின் சிறு வள்ளத்துக்கு அங்கே இடமிருக்கின்றதா, நோயாளியைக் காணச் செல்லும் தாய் கையிற் கடுதாசியைப் பற்றியபடி அன்றிக் கடலைப் பார்த்தபடி பயணம் செய்ய இயலுகின்றதா என்பனவே அதனை நிறுவும். அன்னபூரணியைக் கட்டியவர்களின் வழிவந்தோர் என்று நாம் பெருமைகொள்வதாயின், கலம் கட்டும் திறனோடு கரையேற்றும் பண்பையும் சேர்த்தே மீட்டெடுத்தல் வேண்டும்.