சந்தனத்தூளும் கடை வாடகையும்

பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் ஆர்மேனியன் தெரு. அங்கே ஒரு பழைய சுவரில் அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகிறார்கள். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தது. பள்ளி விடுமுறை நாளில் அதன் முன் நின்று படம் எடுக்க வரிசை பிடிக்க வேண்டும். என் தங்கை பிள்ளைகள் இருவரும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். எடுத்து முடித்ததும், "சரி பெரியம்மா, அடுத்த சுவர் எங்க?" என்றான் சின்னவன். சுவர் போதும், ஆட்களைப் பார்க்கலாம் என்று சொல்லிச் சந்துக்குள் திருப்பினேன்.

வழியில் கூ கொங்சி. 1901இல் எரிந்துபோய் 1906இல் மறுபடி எழுந்த குலமண்டபம். கூரைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் பிள்ளைகளுக்கு மிச்சம். நான் வற்புறுத்தவில்லை. அவர்கள் நின்றது வேறோர் இடத்தில்: ஒரு கடைவீட்டின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில், தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்த ஊதுபத்திகளுக்கு முன்னால்.

நம் வீட்டு ஊதுபத்தியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவோம். நாம் வாங்குவது பெரும்பாலும் கரித்தூளும் பசைத்தூளும் சேர்த்து உருட்டி, பிறகு வாசனைத் தைலத்தில் முக்கி எடுத்தது. இங்கே முக்குகிற வேலையே இல்லை. மரமேதான் மணம். பேசினில் மரத்தூள், அதோடு சந்தனத்தூள், இரண்டையும் கட்டிப்பிடிக்க ஒட்டும் தன்மையுள்ள மரப்பட்டைத் தூள். தண்ணீரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தெளித்துப் பிசைகிறார் அங்கே ஊதுபத்தி செய்யும் சீனப் பெரியவர். கொழுக்கட்டை மாவின் பதம் வந்ததும் ஒரு சிறு உருண்டையை எடுத்து மூங்கில் குச்சியின் மேல் வைக்கிறார். கைப்பிடி போட்ட ஒரு மரக்கட்டையால் பலகை மேல் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. உருண்டை குச்சியைச் சுற்றி நீண்டு ஓடி, பிடிப்பதற்கு விட வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிடுகிறது. அளவுகோல் ஏதும் இல்லை.

தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும். பட்டைத்தூள் கூடினால் பாதி எரிந்து அணைந்துவிடும். சாமிக்கு முன்னால் அணைகிற ஊதுபத்தியை யார் மறுபடி வாங்குவார்கள்? இதையெல்லாம் அவர் சந்தை மலாயில்தான் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த ஹொக்கியன் சீனம் சாப்பாட்டுக் கடையைத் தாண்டாது. மலாயில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவனே கெட்டிக்காரன், பள்ளியில் படிக்கிறானே.

"அங்கிள், இந்த மரம் இங்கேயே இருக்கா?" என்று பெரியவள் கேட்டாள். சந்தனத்துக்கு ஆஸ்திரேலியா என்று பதில் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியச் சந்தன மரம் 1840களிலிருந்தே சீனர்களின் ஊதுபத்திக்காகக் கப்பலேறி வருகிறது. அதற்கு முன்பும், அதோடு கூடவும் மைசூர்ச் சந்தனம் சீனத்துக்குப் போனது. ஒரு குச்சியின் நுனியில் இத்தனை தூரம் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். கையில் தூள் ஒட்டியிருக்கும்போது சொன்னால் நிற்கிறது.

கையில் ஒட்டத்தான் செய்தது. செய்து பார்க்கிறீர்களா என்று அவரே கேட்டார். சின்னவன் உருட்டியது நடுவில் புடைத்து முனையில் மொட்டையாக வந்தது. பெரியவள் அழுத்திய அழுத்தில் குச்சியே வெளியே தெரிந்தது. "பெலான்-பெலான்" என்றார், மெதுவாக, மெதுவாக. அழுத்தம் தோளிலிருந்து வரக் கூடாதாம், மணிக்கட்டு போதுமாம். கோணல்களை வழித்து மறுபடி பேசினுக்குள் போட்டுவிட்டார். ஈரம் காயாத வரை எதுவும் வீணில்லை. ஒன்றை மட்டும், ஓரளவு நேராக வந்ததை, தன்னுடையவற்றோடு சேர்த்து வெயிலில் வைத்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மழை வந்தால் அன்றைய உழைப்பு முழுவதையும் ஓடி ஓடி உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

பழைய சீனத்தில் ஊதுபத்தி எரியும் நேரத்தைக் கொண்டே பொழுதை அளந்தார்கள் என்று நான் சொன்னதும் சின்னவனுக்குத் தாங்கவில்லை. ஒன்றைக் கொளுத்திப் பார்க்க வேண்டுமாம். காய்ந்ததாக ஒன்று கொடுத்தார். புகை குறைவு, தலைவலி இல்லை. மூக்கில் ஏறும் செயற்கை வாசனையும் இல்லை.

யார் வாங்குகிறார்கள்? சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வீட்டுப் படங்களுக்கு ஏற்றுகிறவர்கள். புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன்கள் ஜேட் பேரரசரின் பிறந்தநாளைக் கொண்டாடும்போது நல்ல விற்பனை. ஏழாம் மாதத்தில், பசித்த ஆவிகளுக்குப் படைக்கும் காலத்தில், ஆள் உயரத்தையும் தாண்டிய பெரிய ஊதுபத்திகள் போகும். அவற்றின் மேல் அதே மாவில் டிராகன் ஒட்டுகிறார்கள். மற்ற நாட்களில் சீனத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் இயந்திரச் சரக்குதான் மலிவு. மக்களும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

"இளைஞர்கள் வருவதில்லை, அதனால்தான் கைத்தொழில் அழிகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1997இல் அதை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரியிலிருந்து வீட்டுக்காரர்கள் சந்தை வாடகை கேட்கலாம் என்றானது. ஜோர்ஜ்டவுனின் தச்சர், தகரவேலைக்காரர், பிரம்பு பின்னுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர் எல்லோரும் குடியிருந்தது இப்படிப்பட்ட வீடுகளில்தான். கீழே பட்டறை, மேலே குடும்பம். வாடகை ஏறியதும் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜோர்ஜ்டவுனையும் உலக மரபுடைமைத் தலமாக்கியது. அதன்பின் காலியான வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறின. கட்டடங்களுக்குச் சாயம் பூசியாயிற்று, உள்ளே வேலை செய்தவர்கள்தான் இல்லை. இந்தப் பெரியவர் தங்கியதற்குக் காரணம் கேட்டேன். வீடு ஒரு குலச் சங்கத்துக்குச் சொந்தம், அவர்கள் வாடகையை அதிகம் ஏற்றவில்லை என்றார். திறமை, பக்தி, பாரம்பரியம் என்று எதையும் சொல்லவில்லை.

திரும்பும்போது பிட் ஸ்த்ரீட்டில் குவான்யின் என்ற சீனப் பெண்தெய்வத்தின் கோயிலுக்குப் போனோம். தெருவுக்கு இப்போது ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்று பெயர். கோயில் 1800இல் எழுந்தது. முற்றத்தில் புறாக்கள், சட்டிகளில் புகையும் பெரிய ஊதுபத்திகள். பிள்ளைகள் புறாக்களை விட்டுவிட்டு ஊதுபத்திகளை ஆராய்ந்தார்கள். "இது மிஷின்ல செஞ்சது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு பாரு" என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள் பெரியவள். குயின் ஸ்த்ரீட் மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். தைப்பூசத்தன்று தெருவில் தேங்காய் உடைக்கும் சீனர்களைப் பினாங்கில் பிறந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ஊதுபத்தியை யார் உருட்டினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பள்ளிகள் இந்தத் தெருக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரத்தான் செய்கின்றன. கையில் ஒரு தாள், அதில் நிரப்ப ஆண்டுகள். ஜேனட் பிள்ளை தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேறு வழியில் போகிறது. நகரத்துப் பிள்ளைகளைக் கைவினைஞர்களிடமும் கடைக்காரர்களிடமும் அனுப்பிப் பேட்டி எடுக்கச் சொல்கிறது, கேட்டதை நாடகமாக, படமாக, சிற்றேடாக ஆக்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். நான் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. கேள்விகள் அவர்களுடையவை.

பினாங்குக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரோவியத்தைப் பாருங்கள், தப்பில்லை. பிறகு, வெயில் உள்ள ஒரு வேலைநாள் காலையை இப்படியொரு பட்டறைக்கென்று ஒதுக்குங்கள். மதியத்துக்கு மேல் உருட்டுகிற வேலை குறைந்துவிடும். உள்ளே நுழையும் முன், படம் எடுக்கும் முன் கேளுங்கள், அது அங்கே வேலை செய்கிறவரின் வீடு. போகும்போது ஒரு கட்டு வாங்குங்கள். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.